ஒரு அட்மிரல் கொடிக்காக நெய்வேலி வரை

பண்ருட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ் கூரைமேல் கட்டியிருந்த கயிறு அறுந்து, பலாப்பழங்கள் ஒவ்வொன்றாகச் சாலையில் விழுந்து உருண்டன. டிரைவர் ஓரம் கட்டினார். கண்டக்டர் இறங்க, அவர் பின்னால் பாதி பஸ் இறங்கியது. நான் இறங்கவில்லை. கப்பலில் ஒரு வாரம், ரயிலில் அரை நாள், அதற்குப் பிறகு இது. வலது முழங்கால் வீங்கியிருந்தது; மடக்கினால் நீட்ட முடியவில்லை, நீட்டினால் மடக்க முடியவில்லை. வெடித்துப்போன பழம் ஒன்றை யாரோ பிளந்து, ஜன்னல் வழியாக எனக்கும் இரண்டு சுளை நீட்டினார்கள். சர்க்கரை வியாதிக்காரன் தின்னக் கூடாதது. தின்றேன். எங்கள் சிங்கப்பூர் மார்க்கெட்டில் கிடைக்கும் பலா பார்வைக்கு அழகாக இருக்கும். இந்த மணம் அதற்குக் கிடையாது.

முன் இருக்கையில் இரண்டு நர்சுகள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் பாதிப் பேர் மலையாளிகள் என்பதால் எனக்கு நன்றாகவே புரியும். “ஒரு வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்றுதான் நெய்வேலிக்கு வந்தேன்” என்றாள் ஒருத்தி. “எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள்” என்றாள் மற்றவள். நான் மூன்று நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தேன். அதுவே அதிகமாகத் தோன்றியது.

என் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பண்ருட்டிக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்து கொடுத்தது. எழுதியவள் பெயர் வளர்மதி. என்னோடு வேலை பார்த்த கோதண்டத்தின் மகள். நெய்வேலியில் டைப்பிஸ்டாக இருக்கிறாள்.

‘மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தாள். ‘அப்பா சிங்கப்பூரில் என்ன தப்பு செய்தார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. திருடிவிட்டு வந்தவர் என்று எங்கள் ஊரான வடக்குத்தில் சொல்கிறார்கள். பெரியப்பா பதினாலு வருஷமாக எங்கள் வாசலை மிதிப்பதில்லை. அப்பாவைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். அவருடைய போட்டோ ஒன்றின் பின்னால் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததை எழுதினால் போதும்.’

எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை கிழித்துப் போட்டேன். அப்புறம் கப்பல் ஏறினேன்.

நெய்வேலியில் இறங்கியதும் முதல் குழப்பம். முகவரியில் ‘பிளாக் பதினெட்டு’ என்றிருந்தது. எங்கள் ஊரிலும் பிளாக்தான். பக்கவாட்டுச் சுவரில் பெரிய எண் எழுதிய பன்னிரண்டு மாடிக் கட்டடம். நான் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். மாடியே இல்லை. வேப்பமரமும் முருங்கைமரமும் வைத்த தாழ்ந்த வீடுகள், ஒன்றைப் போலவே மற்றொன்று. ஒரு சைக்கிள்காரர் நிறுத்தி விளக்கினார்: இங்கே பிளாக் என்றால் கட்டடம் இல்லை, ஒரு ஊரே. நான் நிற்பது ஐந்தாம் பிளாக். பதினெட்டுக்கு பஸ்தான் பிடிக்க வேண்டும்.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் மடியில் டிபன் கேரியர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். அது ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் என்பது சுரங்க வாசலில் கொண்டுபோய் இறக்கியபோதுதான் தெரிந்தது. வாசலில் இருந்த காவல்காரர் என் பெட்டியையும் காலையும் பார்த்து, ஒரு ஸ்டூலைக் கொடுத்து உட்காரச் சொன்னார். திரும்பும் பஸ் ஷிப்டு முடிந்துதான் வருமாம். வெயில் தகரத்தில் பட்டுத் தகித்தது. தூரத்தில் ஒரு சங்கு ஊதியது. அதற்குப் பின் நிலத்துக்குள்ளிருந்து ஒரு அதிர்வு வந்து ஸ்டூலை ஆட்டியது. மேல்மண்ணைத் தளர்த்த வெடி வைக்கிறார்கள் என்றார் காவல்காரர்.

பொழுது போகாமல் கோதண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். “கொடிக்காரரா? காண்ட்ராக்ட் ஆளு. வெடி வைக்கிறப்போ செவப்புக் கொடி காட்டி வண்டிய நிறுத்துறவரு. இப்ப வந்துருவாருங்க” என்றார்.

அவன் இங்கே, இந்த வயதில், இன்னும் கொடிதான் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் போய் இறங்கி, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு அவனைப் பார்ப்பதாகத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

ஷிப்டு விட்டதும் ஆட்கள் கும்பலாக வந்தார்கள். எல்லோர் புருவத்திலும் பழுப்பு நிலக்கரித் தூள். கோதண்டம் கடைசியாக வந்தான். கக்கத்தில் சுருட்டிய சிவப்புத் துணி. எனக்கு நேரே வந்து நின்று பார்த்தான்.

“மாணிக்கந்தானே” என்றான். “எளச்சிட்ட.”

அவ்வளவுதான். என் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான்.

வீடு மகள் பெயரில் கிடைத்த குவார்ட்டர்ஸ். கோதண்டத்தின் மனைவி அஞ்சலை என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போனவள், பலாக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்போடுதான் வெளியே வந்தாள். அப்படி ஒரு சாப்பாடு நான் பல வருஷமாகச் சாப்பிட்டதில்லை. வளர்மதி ஆபீசிலிருந்து வந்து, கடிதத்துக்குப் பதில் நேரிலேயே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். “வாங்க மாமா” என்றாள். அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையை எதிர்கொள்ள முடியாமல், களைப்பாக இருக்கிறது என்று சொல்லி விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே படுத்துக்கொண்டேன். களைப்பு பொய்யில்லை. ஆனால் அன்று அதைப் பொய்க்கும் பயன்படுத்தினேன்.

மறுநாள் கோதண்டத்துக்கு வார ஓய்வு. வளர்மதி லீவு போட்டிருந்தாள். காலை இட்லி முடிந்ததும், அவளிடம் கொடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் நான் கொடி ஸ்டோரில் கீப்பர். பெர்மனென்ட். கோதண்டம் சிக்னல் கோபுரத்தில் கொடி ஏற்றுகிறவர்களுக்கு உதவியாள். தினக்கூலி. பெரிய அதிகாரி ஒருவர் தளத்தில் இருந்தால் அவர் பதவிக்கு உரிய கொடி கோபுரத்தில் பறக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் முழு அட்மிரல். கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் ஒரு சிவப்புப் பந்து இருந்தால் அவருக்கு அடுத்த படி, வைஸ் அட்மிரல். மேல் மூலையில் ஒன்று, கீழ் மூலையில் ஒன்று என்று இரண்டு பந்து இருந்தால் அதற்கும் கீழே, ரியர் அட்மிரல். பாய்மரக் கப்பல் காலத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஒன்றாகப் போகும்போது, யார் சொல்படி நடப்பது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக வந்த வழக்கமாம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அப்போது நிறத்திலும் படிகள் இருந்தனவாம். எங்கள் காலத்தில் வெள்ளை மட்டும்தான்.

“பந்து கூடினால் பதவி கூடும்னு நெனச்சேன்” என்றாள் வளர்மதி. இல்லை, குறையும் என்றேன். கோதண்டம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் இருந்தான்.

கொடியை விரித்து ஏற்றமாட்டார்கள். இறுக்கமாகச் சுருட்டி, அவிழக்கூடிய முடிச்சுப் போட்டு, மூட்டையாகவே கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார்கள். குறித்த நொடியில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டி இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரியும். அதுவரை உள்ளே என்ன இருக்கிறது என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. அன்று வைஸ் அட்மிரல் ஒருவர் புதிதாகப் பொறுப்பேற்க வந்தார். அணிவகுப்பு, பாண்டு வாத்தியம், வெள்ளைச் சீருடையில் நூறு பேர். நான் மேஜையில் இரண்டு கொடிகளைச் சுருட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, எது எந்தக் கொடி என்று எழுதிய சீட்டை மாற்றிக் கட்டிவிட்டேன். எப்படி மாறியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கோதண்டம் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான். உச்சியில் கொடி விரிந்தபோது அதில் இரண்டு பந்துகள் இருந்தன. வந்து இறங்கிய மனிதர் எல்லோர் முன்னாலும் ஒரு படி இறங்கி நின்றார்.

விசாரணையில், நான் சரியானதைத்தான் எடுத்து வைத்திருந்தேன், நான் இல்லாத நேரத்தில் அவனாகவே அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னேன். நான் கொடுத்ததை வாங்கியதாக அவன் கையெழுத்திட்ட ரெஜிஸ்டர் பக்கத்தை அதற்கு முன்பே கிழித்திருந்தேன். அவன் வேலை அன்று மாலையே போயிற்று. எனக்கு இருந்த குவார்ட்டர்ஸ் இருந்தது, வேலை இருந்தது. வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போகும்வரை இருந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது வளர்மதி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அஞ்சலை அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது.

கோதண்டம் அப்போதுதான் வாயைத் திறந்தான். “பாதி சொன்ன. மீதிய நான் சொல்றேன்” என்றான். “மூட்டைய கையில வாங்கனப்பவே எனக்குத் தெரியும். வெரல் வச்சா தெரியும் மாணிக்கம். ஒரு பந்துன்னா மேல் மூலையில மட்டும் தையல் தடிப்பா இருக்கும். கீழயும் தடிப்பா இருந்துச்சு. ரெண்டு பந்துன்னு தெரிஞ்சிகினுதான் ஏத்தினேன்.”

ஏன் என்று மகள் கேட்டாள்.

“பெர்மனென்ட் பண்ணச் சொல்லி மூணு தபா எழுதிக் குடுத்தேன். அன்னிக்குக் காலையில கூட மேலாளு சிரிச்சான், கயிறு இழுக்கறவனுக்கு என்னாத்துக்குன்னு. சரி, ஒரு நாளாவது பெரிய மனுசன் ஒருத்தன் பதவி எறங்கறத பாத்துடலாம்னு தோணிச்சு. பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

பதினாலு வருஷம் நான் சுமந்துகொண்டிருந்ததில் பாதி எடையாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஏனென்றால் அவன் நிறுத்தவில்லை.

“வேலை போனதுக்கு நான் உன்னைக் கேக்கல. இழுத்தவன் நானு. ஆனா தானா எடுத்துகினு போனான்னு சொன்ன பாரு, அதை அப்பிடியே வேலைய விட்டு அனுப்பின காயிதத்துல எழுதிட்டானுங்க. ஸ்டோர்லேர்ந்து கேக்காம எடுத்தவன்னு. எங்கண்ணன் அதை வாத்தியார்கிட்ட குடுத்துப் படிச்சான். ஊருக்கு அது திருட்டுதான். நான் சொன்னா எவன் நம்புவான், அதான் சொல்லல. நீ எங்கிட்ட சொல்றதுக்கு இவ்ளோ தூரம் வந்திருக்க வேணாம். எனக்குத்தான் தெரியுமே. வடக்குத்துக்குப் போயி எங்கண்ணன்கிட்ட சொல்லு.”

அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் வளர்மதி எனக்குச் சர்க்கரை போடாத காபி கொண்டுவந்து வைத்தாள். “காபி, சார்” என்றாள். ‘மாமா’ போய்விட்டது. அதைச் சொல்லிக்காட்ட எனக்கு உரிமை இல்லை. காபி நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் வடக்குத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றார்கள். எனக்கு அந்த முழங்காலோடு முடியாது. டவுன்ஷிப்பின் நேரான சாலை முடிகிற இடத்தில் குண்டும் குழியுமாக மண் சாலை தொடங்குகிறது. வாடகைக்கு எடுத்த சைக்கிள் ரிக்‌ஷாவின் செயின் அங்கே கழன்றது. ரிக்‌ஷாக்காரர் அதை மாட்டுவதும் அது கழல்வதுமாக முந்திரித் தோப்பு ஓரமாக ஒரு மணி நேரம் போனோம். சிங்கப்பூரில் பெரிய சாலைக்கு வெளியே இப்படி ஒரு ஊர் இருக்க விடமாட்டார்கள். இடித்து, எண் போட்டு, மாடி கட்டிவிடுவார்கள். எது நல்லது என்று யோசிக்கத் தெம்பில்லை.

கோதண்டத்தின் அண்ணன் ராஜவேலு மரத்தடியில் பலாப்பழங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியூர் வியாபாரி என்று நினைத்து எழுந்து வந்தார். நான் யார் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னேன். கோதண்டம் தெரிந்தே ஏற்றியதையும் மறைக்கவில்லை. நான் முடித்ததும் அவர் ஒரே கேள்வி கேட்டார்.

“இத சொல்றதுக்குப் பதினாலு வருசம் ஆச்சுங்களா?”

ஆமாம் என்றேன்.

அவர் ஒரு பழத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் தரையிடம் பேசுவது போலப் பேசினார். “அம்மா செத்ததுக்குக் கூட அவன கொள்ளி போட வுடல நான். திருட்டுக் கை வேணான்னு ஊர் முன்னாடி சொன்னேன். நீங்க சொல்லிட்டீங்க, போயிடுவீங்க. நான் சொன்னத நான் எங்க போயி அழிக்கிறது?”

இது எனக்குத் தெரியாது. கடிதத்தில் இல்லை, கோதண்டமும் சொல்லவில்லை. வெயிலில் நின்றிருந்த எனக்குத் தலை சுற்றியது. அவரே எழுந்து தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும், “எழுதிக் குடுங்க” என்றார். “காயிதத்துலதான் கெட்ட பேரு வந்துச்சு. காயிதத்துலதான் போவும்.”

நான் ரிக்‌ஷாவில் திரும்பி, செயின் மாட்டி, மறுபடி மாட்டி, பதினெட்டாம் பிளாக் வந்து சேர்ந்தபோது ராஜவேலுவின் சைக்கிள் எனக்கு முன்பே வந்து வேலியோரம் நின்றிருந்தது. அவர் மட்டும் படி ஏறாமல் வெளியே நின்றார். துண்டை எடுத்துத் தோளில் போடுவதும் இடுப்பில் கட்டுவதுமாக இருந்தார். கோதண்டம் கதவருகே வந்து பார்த்தான். இரண்டு பேருக்கும் அறுபது வயதை ஒட்டி இருக்கும்.

“வெயில்ல நிக்காத” என்றான் கோதண்டம். “உள்ள வா.”

நான் உள்ளே போகவில்லை. அஞ்சலை ஒரு நாற்காலியை வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டாள். வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து தட்டில் சோறு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நாலாம் நாள் காலை நான் கிளம்ப வேண்டும். வளர்மதி ஆபீசுக்கு முன்னதாகப் போய், நான் சொன்னதை வரிசைப்படுத்தி டைப் அடித்து, பஸ் நிற்கிற இடத்துக்கு நேரே கொண்டுவந்தாள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். எந்தக் கொடி, எத்தனை பந்து, யார் சீட்டை மாற்றியது, யார் பக்கத்தைக் கிழித்தது, விசாரணையில் யார் பொய் சொன்னது. அவள் அப்பா தெரிந்தே ஏற்றியதும் இருந்தது. அதைச் சேர்க்க வேண்டாமே என்றேன். “அப்பாதான் சேக்கச் சொன்னாரு” என்றாள். ஒரு இடத்தில் மட்டும் எழுத்துப் பிழையை மையால் திருத்தியிருந்தாள். டிக்கெட் கொடுக்கும் மேஜையின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்திட்டேன். கார்பன் வைத்து அடித்தது, மூன்று பிரதி. மூன்றிலும் போட்டேன்.

“ஒண்ணு அப்பாவுக்கு. ஒண்ணு பெரியப்பாவுக்கு, டீக்கடையில படிச்சுக் காட்டப் போறாராம்” என்று சொல்லி, மூன்றாவதை மடித்து என்னிடம் நீட்டினாள். “இது உங்களுக்கு சார். உங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்காங்கல்ல.”

கோதண்டம் வழியனுப்ப வரவில்லை. முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான் என்றாள். பஸ் கிளம்பியது. உட்கார இடம் கிடைக்காமல் பண்ருட்டி வரை நின்றுகொண்டே வந்தேன்.

கப்பலில் மறுபடி ஒரு வாரம். கஞ்சியும் ஊறுகாயும், மேல்தளத்தில் சீட்டாட்டம், எதிர்ப்படுக்கையில் இருந்த தையல்காரர் தன் மூன்று மகள்களின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னது, எதுவும் மனசில் பதியவில்லை. சிங்கப்பூர் துறைமுகத்தில் மூத்த மகன் காத்திருந்தான். நான் தளத்தில் முப்பது வருஷம் ஒரு குறை இல்லாமல் வேலை பார்த்தவன் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறவன். வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். போனால் கொடுக்கமாட்டேன் என்று தெரிந்தது. சுங்கச் சோதனைக்கூடத்துக்கு வெளியே, கூட்டத்துக்கு நடுவே, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தான். தமிழ்ப் பக்கத்தை முடித்துவிட்டுத் திருப்பி இங்கிலீஷ் பக்கத்தையும் படித்தான். என் முகத்தைப் பார்க்காமல் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் வேகத்துக்கு என்னால் நடக்க முடியவில்லை.